ஆறு தொப்பியும் இரண்டு பீப்பாய் தேனும்

போன வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பையன் சமூக அறிவியல் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டுமாம். 'இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர் ______.' ஒரு மார்க்.

என்னைக் கேட்காமலேயே 'வாஸ்கோடகாமா' என்று எழுதிவிட்டான். அப்புறம்தான் கேட்டான்.

"ஏம்ப்பா, அதுக்கு முன்னாடி இந்தியா காணாமப் போயிருந்துச்சா?"

வாயில் இருந்த சாதத்தை விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏனென்றால், இந்தக் கேள்வியை இதற்கு முன்பும் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் புத்தகம்.

ஓசூரில் குடியிருப்பதில் ஒரு லாபம், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் போய் மூக்கை நுழைக்கலாம். அப்படி ஒருநாள் சிக்கியதுதான் வாஸ்கோடகாமாவின் முதல் பயண நாட்குறிப்பு. ரேவன்ஸ்டைன் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1898-ல் வெளிவந்தது. என் கையில் கிடைத்தது மறுபதிப்பு. அட்டை போய், செல்லோடேப் போட்டு ஒட்டியது.

காமா எழுதியது என்று நினைத்துத்தான் வாங்கினேன். அவர் எழுதவில்லை. அவரோடு கப்பலில் போன யாரோ ஒருவர். பேர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ஆல்வாரோ வெல்யோ என்கிற ஆளாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் யூகித்து வைத்திருக்கிறார்கள். எழுதி முன்னூறு வருஷத்துக்கும் மேல் மடாலய நூலகத்தில் தூங்கிவிட்டு, 1838-ல்தான் முதல்முறை அச்சேறியது. 2013-ல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சின்னப் புத்தகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம்.

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: கடல் பயண வரலாற்றில் இரண்டு வகை எழுத்து இருக்கிறது. ஒன்று, சேர்மன் உரை. இன்னொன்று, ஸ்டோர் கீப்பரின் ரிஜிஸ்டர். நான் பி.காம். படித்தவன். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

சேர்மன் உரையிலிருந்து ஆரம்பிப்போம்.

போர்ச்சுகல் கடலில் இறங்கிய கதையை 1415-லிருந்து தொடங்குவது வழக்கம். அந்த வருஷம்தான் மொராக்கோ கரையிலிருந்த சியூட்டா என்ற துறைமுகத்தைப் பிடித்தார்கள். அந்தச் சண்டைக்குப் போன இளவரசர்தான் ஹென்றி. அப்போது வயது 21. ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே, இன்னும் தெற்கே என்று கப்பல் கப்பலாக அனுப்பியவர். ஆங்கிலப் புத்தகங்களில் இவருக்கு 'நேவிகேட்டர்' என்று பட்டம். மாலுமி ஹென்றி! அந்த மாலுமி வட மொராக்கோவைத் தாண்டிக் கப்பலில் போனதே இல்லை. பட்டமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டியது. அவர் முதலீட்டாளர், புரமோட்டர், லைசென்ஸ் வைத்திருந்தவர். யார் போய் என்ன கொண்டுவந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு.

இவரது புகழைப் பாடுவதற்கென்றே ஒரு நூல் உண்டு. எழுதியவர் ஜுராரா, அரசவை வரலாற்றாசிரியர். ராஜாவின் உத்தரவில், 1453 வாக்கில் எழுதி முடித்தார். ஹென்றி அப்போது உயிரோடு இருக்கிறார், அவர் ராஜாவுக்குச் சித்தப்பாவும் கூட. அப்படியானால் புத்தகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இளவரசரின் ஒழுக்கம், பக்தி, தொலைநோக்கு... பக்கம் பக்கமாக வருகிறது. கம்பெனி ஆண்டறிக்கையின் முதல் நாலு வழவழா பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான்.

ஆனாலும் ஜுராராவைத் தூக்கிப் போட முடியவில்லை. இரண்டு இடங்களுக்காக.

ஒன்று, பொஹடோர் முனை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அதைத் தாண்டினால் திரும்பி வர முடியாது என்று மாலுமிகளுக்குக் கிலி. கில் இயானிஷ் என்பவர் ஒருமுறை பாதியில் திரும்பிவிட்டு, 1434-ல் மறுபடி போய்த் தாண்டிவிட்டார். அந்தப் பக்கம் நரகம் எல்லாம் இல்லை, வெறும் மணல். நம்ப மாட்டார்களே என்று அங்கே முளைத்திருந்த சில செடிகளைப் பறித்துக்கொண்டு வந்தார். அவர்கள் ஊரில் அதற்கு மரியன்னையின் ரோஜா என்று பெயராம். தினமும் பூ லாரி போகிற ஊர்க்காரன் நான். எனக்கு அந்த இடம் பிடித்துப் போனது.

இன்னொரு இடம் பிடிக்கவில்லை. ஆனால் மறக்க முடியவில்லை.

1444 ஆகஸ்ட் 8. போர்ச்சுகலின் தெற்கே லாகோஷ் என்ற ஊர். ஆப்பிரிக்கக் கரையில் பிடித்து வந்த 235 பேரை ஊர் வாசலுக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்தி, பங்கு பிரிக்கிறார்கள். அப்பன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அம்மாக்கள் குழந்தையை அணைத்துக்கொண்டு தரையில் விழுந்து கிடக்கிறார்கள். பலர் வானத்தைப் பார்த்து அழுகிறார்கள். இளவரசர் குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். காசு வாங்கி எழுத வந்த ஜுராராவுக்கு இங்கே கை நடுங்கிவிடுகிறது. தனக்கும் அழுகை வருகிறது என்று எழுதிவிடுகிறார்! அப்புறம் சட்டென்று சுதாரித்துக்கொண்டு, இவர்களுடைய ஆன்மாவுக்கு மீட்பு கிடைக்கிறதே என்று சமாதானம் சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

இளவரசருக்குக் கிடைத்த ஐந்தில் ஒரு பங்கு 46 பேர் என்று கணக்கும் தருகிறார். 235-ஐ ஐந்தால் வகுத்தால் 47. ஒரு மனிதர் கணக்கில் விட்டுப்போகிறார். நான் இரண்டு மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன்.

சரி, இப்போது ஸ்டோர் கீப்பர் ரிஜிஸ்டருக்கு வருவோம்.

ஹென்றி 1460-ல் செத்துப்போனார். கப்பல்கள் நிற்கவில்லை. 1488-ல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி வந்துவிட்டார். 1497 ஜூலை 8-ம் தேதி நாலு கப்பல்களோடு வாஸ்கோடகாமா லிஸ்பனைவிட்டுக் கிளம்பினார். நம்ம பேர் தெரியாத ஆள் எழுத ஆரம்பிக்கிறார்.

முதலிலேயே ஒரு ஆச்சரியம். அட்லாண்டிக் கடலுக்குள் கரையே கண்ணில் படாமல் மூன்று மாதம் சுற்றி, காற்றைப் பிடித்துத் தெற்கே வந்ததுதான் அந்தப் பயணத்தின் பெரிய சாதனை. இதைப் பற்றி நாட்குறிப்பில் சில வரிகள்தான். நான் எழுதியிருந்தால் நாலு வாரத் தொடர் ஆக்கியிருப்பேன். அவர் தேதி, திமிங்கலம், பறவை என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். வேலை செய்தவனுக்கு வேலையைப் பற்றிப் பேசத் தோன்றுவதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் அந்த ஊர் ராஜா ஒரு வழிகாட்டியைக் கொடுத்து அனுப்புகிறார். அவர் ஓட்டியதில் 23 நாளில் அரபிக்கடலைக் கடந்துவிடுகிறார்கள். 1498 மே 20, கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்தில் நங்கூரம். பாடப்புத்தகத்தில் பட்டாடையோடு காமா கரையில் கால் வைக்கும் படம் ஞாபகம் இருக்கிறதா? நாட்குறிப்பில் அப்படி இல்லை. முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர், கப்பலில் கூட்டி வந்திருந்த தண்டனைக் கைதி ஒருவர். போனால் போகட்டும் என்கிற ஆள். எந்த மெஷின் பழுதானாலும் முதலில் கையை விடச் சொல்வது கான்ட்ராக்ட் பையனைத்தானே? அந்த வழக்கம் பழையதுதான் போலிருக்கிறது.

அந்தக் கைதிக்குக் கரையில் என்ன நடந்தது தெரியுமா? துனிசியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த இரண்டு பேரிடம் கூட்டிப் போனார்கள். அவர்களுக்கு ஸ்பெயின் பக்கத்துப் பாஷையும் ஜெனோவா பாஷையும் தெரியும்! 'அட எழவே, நீங்க எங்கய்யா இங்க?' என்கிற தோரணையில் ஒரு வரவேற்பு கொடுத்துவிட்டு, என்ன தேடி வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். கிறிஸ்தவர்களையும் வாசனைச் சரக்கையும் என்று இவர் பதில் சொல்கிறார்.

இந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு சிப்காட் டீக்கடைதான் கண்ணில் வந்தது. ஒடிசாவிலிருந்து மூணு நாள் பயணம் செய்து, பையும் பக்கெட்டுமாக ஒரு பையன் இறங்குகிறான். உலகத்தின் கோடிக்கே வந்துவிட்ட முகம். கடையில் பன் தின்றுகொண்டிருக்கும் ஒருத்தன் திரும்பி, அவன் பாஷையிலேயே 'எந்த ஊருடா?' என்கிறான். அந்தப் பையன் ஓசூரைக் கண்டுபிடித்துவிட்டான் என்று யாராவது எழுதுவார்களா?

காமா வந்து சேர்ந்த இடம் ஏற்கெனவே திறந்திருந்த சந்தை. அரேபியர், குஜராத்திகள், மலாக்காக்காரர்கள் எல்லோரும் வந்து போய்க்கொண்டிருந்த இடம். சீனத் தளபதி செங் ஹே 1405-லிருந்து 1433 வரை நடத்திய பயணங்களில் அவருடைய பெருங்கப்பல்கள் பலமுறை கள்ளிக்கோட்டைக்கு வந்து போயிருக்கின்றன. அந்தச் சந்தைக்குக் காமா கடைசியாக வந்த கஸ்டமர். வெறுங்கையோடு வந்த கஸ்டமர் என்றே சொல்லலாம். அந்த வெறுங்கைப் பட்டியலை நாட்குறிப்பு ஒளிக்காமல் தருகிறது. சாமூதிரி ராஜாவுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பரிசுகள்:

கோடு போட்ட துணி 12. சிவப்புத் தலைக்குல்லாய் 4. தொப்பி 6. பவழ மாலை 4. ஒரு பெட்டியில் கை கழுவும் பாத்திரம் 6. சர்க்கரை ஒரு பெட்டி. எண்ணெய் இரண்டு பீப்பாய். தேன் இரண்டு பீப்பாய்.

அரண்மனை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிட நன்றாகச் செய்வானே, ராஜாவுக்கென்றால் தங்கம் கொடு என்று சொல்லிவிட்டார்கள். நம்ம ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுகிறவர் கவரைப் பிரித்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாரே, அதேதான்.

அடுத்து சந்தை நிலவரம். போர்ச்சுகலில் 300 ரெய்ஸ் பெறுமானமுள்ள நல்ல சட்டைக்கு இங்கே கிடைத்தது 30 ரெய்ஸ். பத்தில் ஒன்று! ஆனாலும் விற்றார்கள். ஊருக்குக் கொஞ்சம் கிராம்பு, பட்டை, ரத்தினக்கல் என்று சாம்பிளாவது கொண்டுபோக வேண்டுமே என்று மாலுமிகள் கைவளையையும் சட்டையையும் விற்றார்கள். கிளம்பும் நேரத்தில் சுங்கம் கட்டச் சொன்னார்கள். பிரச்னையாகிவிட்டது. இதையெல்லாம் பூசி மெழுகாமல் எழுதி வைத்திருக்கிறார். 1572-ல் வெளிவந்த 'லூசியாட்ஸ்' காவியத்தில் கமோயன்ஸ் இதே பயணத்தைப் பாடும்போது, வீனஸ் ஒரு பக்கம், பாக்கஸ் ஒரு பக்கம் என்று தெய்வங்களே கட்சி பிரிந்து சண்டை போடுகின்றன. இலக்கியமாக அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேகக் கூட்டத்திலிருந்து இறங்கி வந்து, சட்டை பத்தில் ஒரு பங்கு விலைக்குப் போனது என்கிற ஒரு வரியைப் படியுங்கள். மொத்த வரலாறும் விளங்க ஆரம்பிக்கும்.

விற்பதற்கு நல்ல சரக்கும் இல்லை, வாங்குவதற்குப் போதுமான தங்கமும் இல்லை. அப்படிப்பட்டவன் ஒரு சந்தையில் எப்படி நுழைவான்? ஒன்று, கற்றுக்கொண்டு நிதானமாக வளர வேண்டும். இல்லை, மற்றவன் கடையை மூடவைக்க வேண்டும். கப்பலில் பீரங்கி இருந்தது. 1502-ல் காமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பல் ஒன்றைப் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார்கள். அப்புறம் இந்தியப் பெருங்கடலில் ஓடுகிற கப்பல்கள் போர்ச்சுகீசியரிடம் காசு கொடுத்து 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல் என்று சட்டம் போட்டார்கள். பொதுக் கடலுக்கு டோல்கேட்! கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வருகிறது. இங்கே ரோடாவது போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பீரங்கிக்கான விடை, ஆறு தொப்பியும் இரண்டு பீப்பாய் தேனும் கொண்ட அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது என் கட்சி. மதவெறி, முஸ்லிம் வியாபாரிகள்மேல் இருந்த பகை எல்லாமும் உண்டு. ஆனால் போட்டியில் தோற்கிற வியாபாரியின் ஆத்திரத்தைக் குறைத்து எடை போடக்கூடாது.

நாட்குறிப்பை இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதல் குறை, அவர் பார்த்ததை எழுதினார், புரிந்ததை எழுதவில்லை. கள்ளிக்கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு கோயிலுக்குள் கூட்டிப்போகிறார்கள். சர்ச் என்றே நினைத்துவிடுகிறார்கள். உள்ளே தெரிந்த அம்மன் சிலை மாதா என்று முடிவு. சுவரில் இருந்த சித்திரங்களில் கோரைப்பல்லும் நாலைந்து கைகளும். அதையும் 'புனிதர்கள்' கணக்கில் எழுதிவிடுகிறார்! கோயிலில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். கிறிஸ்தவர்களைத் தேடி வந்தார்கள், அதனால் கிறிஸ்தவர்களைப் பார்த்தார்கள். தேடி வந்ததையே பார்ப்பது அவர்களுக்கு மட்டுமா, நமக்கும் உள்ள வியாதிதான்.

இரண்டாவது குறை, எனக்குப் பெரிய குறை. அரபிக்கடலைக் கடத்திக் கொண்டுவந்த அந்த வழிகாட்டிக்கு நாட்குறிப்பில் பெயர் இல்லை. பெயரில்லாத இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? பின்னால் வந்தவர்கள் இப்ன் மாஜித் என்ற புகழ்பெற்ற அரபுக் கடலறிஞர் பெயரை அங்கே ஒட்டினார்கள். அது தவறு என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அவர் குஜராத்தி முஸ்லிமாக இருக்கலாம் என்பது பழைய போர்ச்சுகீசிய ஆசிரியர் ஒருவரின் குறிப்பு.

அந்த ஆளுடைய மதிப்பு திரும்பும்போதுதான் தெரிகிறது. உள்ளூர்க்காரர்கள் காற்று மாறட்டும் என்று காத்திருக்கும் காலத்தில், ஆகஸ்ட் கடைசியில் இவர்கள் கிளம்பிவிட்டார்கள். வரும்போது 23 நாள் எடுத்த கடல், திரும்பும்போது ஏறத்தாழ மூன்று மாதம். ஈறு வீங்கி, கால் வீங்கி முப்பது பேர் செத்தார்கள். ஒரு கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் நடமாடும் நிலையில் இருந்தார்கள். பாய் இழுக்க ஆள் போதாமல் ஒரு கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டார்கள். 'கடல்வழியைக் கண்டுபிடித்தவர்' யார் என்று இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது குறை, கள்ளிக்கோட்டையில் பிணையாகப் பிடித்த சிலரைத் திருப்பி விடாமல் கூட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். தேனுக்குப் பீப்பாய்க் கணக்கு எழுதியவர், இவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் சேர்மன் உரை எழுதிய ஜுராரா இவரைவிட ஒரு படி மேல்.

நாட்குறிப்பு 1499 ஏப்ரல் 25-ம் தேதியோடு பாதியில் நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரியாது. பின்னிணைப்பாகச் சரக்கு விலைப்பட்டியலும், கள்ளிக்கோட்டை மொழிச் சொற்கள் என்று ஒரு சின்ன அகராதியும் இருக்கின்றன. அவர்கள் நம் பக்கத்துச் சொற்களை எழுதிக்கொண்டு போனார்கள். நாம் அவர்கள் சொற்களை எழுதி வைத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குள்ளேயே குடிவைத்துவிட்டோம். சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய் எல்லாம் போர்ச்சுகீசியம்தான். ராயக்கோட்டை மண்டியில் விடிகாலையில் தக்காளிக் கிரேடுக்கு நடக்கிறதே ஏலம், அந்த 'ஏலம்' என்ற சொல்லும் அவர்களுடையதுதான்.

இப்போது, முதலில் சொன்ன அந்த இன்னொருவர்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் வெள்ளி விழாவுக்கு மலர் தயாரிக்கும் வேலை வந்தது. நல்ல செக். கம்பெனி வரலாறு என்று இருபது பக்கம் எழுதினேன். முதல் வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'எதுவுமே இல்லாத பொட்டல் காட்டில், ஒரு மனிதர் கனவு ஒன்றைக் கண்டுபிடித்தார்.' எம்.டி.க்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அச்சான மலரை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது கேட்டில் செக்யூரிட்டி பெரியவர், "என்ன சார், எங்க கம்பெனி புக்கா? கொஞ்சம் படிங்களேன்" என்றார். முதல் வரியைப் படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பார்க்கிங் ஷெட் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்கதான் சார் எங்க கெணறு. ராகி, அவரை, கொள்ளு போடுவோம். நெலம் எடுத்தப்ப எனக்கு இருபது வயசு." சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. "எதுவுமே இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அப்ப நாங்க எங்க சார் இருந்தோம்?"

என்னிடம் பதில் இல்லை. இனிமேல் மாற்ற முடியாது ஐயா, அச்சாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஜுராரா அழுதுவிட்டாவது அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்.

பையனிடம், "காணாமல் எல்லாம் போகலைடா. அவங்களுக்குத்தான் வழி தெரியலை. ஆனா நீ பரீட்சையில வாஸ்கோடகாமான்னே எழுது, ஒரு மார்க்கை விட்டுடாதே" என்றேன். "நோட்டுல?" என்றான். நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளச் சொன்னேன்: 'வழிகாட்டி ஒருவர் இருந்தார். பெயர் எழுதி வைக்கப்படவில்லை.'

அந்த வெள்ளி விழா மலருக்கு இரண்டாம் பதிப்பு வரப்போவதில்லை. எனவே முதல் வரியை இங்கேயே திருத்திக்கொள்கிறேன்:

'அந்த இடத்தில் ராகியும் அவரையும் கொள்ளும் விளைந்தன. ஒரு கிணறு இருந்தது.'